ஏழு பேர் வரும் ஜெபக்கூட்டத்தை நிறுத்திவிடலாமா?

கேள்வி இதுதான்: "எங்கள் சபையில் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை வீடு சந்திப்புக்கும் சுவிசேஷ ஊழியத்துக்கும் கொடுத்தால் பத்துக் குடும்பங்களையாவது பார்க்கலாம். ஜெபத்தை அவரவர் வீட்டில் செய்துகொள்ளலாமே? கூடி ஜெபிப்பது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?"

நிறுத்த வேண்டாம். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன், இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக யாரும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டியதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே இருக்கிற மக்களிடம் போக வேண்டும் என்ற பாரம் இருப்பவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும், ஜெபக்கூட்டத்துக்கும் போகாமல் ஊழியத்துக்கும் போகாமல் இருப்பவருக்கு இந்தக் கேள்வியே வராது. ஆனால் ஜெபம் ஒரு வேலை, ஊழியம் இன்னொரு வேலை, இரண்டுக்கும் ஒரே நேரம்தான் இருக்கிறது, எதை விடுவது என்று கணக்குப் போடுகிறீர்கள் பாருங்கள், அந்தக் கணக்கில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

மத்தேயு 9-ஆம் அதிகாரத்தின் கடைசியை எடுத்துப் பாருங்கள். இயேசு திரளான ஜனங்களைப் பார்த்து மனதுருகுகிறார், அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம் என்கிறார். நாமாக இருந்தால் அடுத்த வரியில் "ஆதலால் போங்கள்" என்று எழுதியிருப்போம். அவரோ, வேலையாட்களை அனுப்பும்படி அறுப்பின் எஜமானை வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். அதோடு அதிகாரம் முடிந்துவிடுவதால் நாமும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அதிகாரப் பிரிவெல்லாம் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு போடப்பட்டது, அதை மறந்துவிட்டுத் தொடர்ந்து வாசியுங்கள்: அடுத்த வசனத்தில் அவர் பன்னிரண்டு பேரை அழைக்கிறார், அவர்களையே அனுப்புகிறார். வேலையாட்களுக்காக ஜெபிக்கச் சொல்லப்பட்டவர்களே வேலையாட்களாகப் போகிறார்கள். யாரையாவது அனுப்பும் ஆண்டவரே என்று உண்மையாகக் கேட்கிறவர் நெடுநாள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க முடியாது. நான் பார்த்தவரையில் ஊழியத்தில் நிலைத்து நின்றவர்கள் பெரும்பாலும் இந்த வழியாக வந்தவர்கள்தான், அறிவிப்பைக் கேட்டுப் பெயர் கொடுத்தவர்களில் பலர் மூன்றாவது மாதம் காணாமல் போனார்கள்.

இயேசுவின் சொந்த நாளையும் கவனியுங்கள். மாற்கு 1-இல் கப்பர்நகூமில் பெரிய வரவேற்பு, பட்டணம் முழுவதும் வீட்டு வாசலில் கூடியிருந்தது என்று எழுதியிருக்கிறது. மறுநாள் அதிகாலை இருட்டோடே அவர் வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். ஊழியக் குழு எதுவானாலும் உடனே திரும்பிப் போயிருக்கும், இவ்வளவு கூட்டத்தை விட்டுவிட்டு யார் போவார்கள்? அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள், இதற்காகத்தான் வந்தேன் என்கிறார். நன்றாக நடந்துகொண்டிருக்கிற ஒரு வேலையை விட்டு இன்னொரு திசைக்குத் திரும்பும் தெளிவு ஜெபத்தில் இருந்து எழுந்து வருகிறவரிடம் இருந்தது. ஜெபம் என்றால் நம் திட்டத்துக்குக் கையெழுத்து வாங்குவது என்று பல சபைகளில் ஆகிவிட்டது. திட்டம் எல்லாம் முடிவான பிறகு கடைசியில் இரண்டு நிமிடம் கண்ணை மூடி "ஆசீர்வதியும்" என்கிறோம், முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்த சபைகளுக்குத்தான் தெரியும், சில திட்டங்கள் அந்த ஒரு மணி நேரத்திலேயே உதிர்ந்துவிடும்.

அந்தியோகியா சபை இதற்கு இன்னும் நல்ல உதாரணம். அப்போஸ்தலர் 13-இல் ஐந்து பேரின் பெயர் இருக்கிறது: பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதோடு வளர்ந்த மனாயீன், சவுல். வெவ்வேறு இடம், வெவ்வேறு பின்னணி, ஒருவர் அரண்மனைப் பழக்கம் உள்ளவர், ஒருவர் ஒரு காலத்தில் சபையைத் துன்பப்படுத்தியவர். இவர்கள் உபவாசித்து ஆராதனை செய்துகொண்டிருக்கும்போது பரிசுத்த ஆவியானவர் பேசுகிறார், பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடுங்கள் என்று. ஐந்தில் இரண்டு பேர், அதுவும் யாரும் விட விரும்பாத இரண்டு பேர்! சபை மறுபடியும் உபவாசித்து, ஜெபித்து, அவர்கள் மேல் கைகளை வைத்து அனுப்பிவிட்டது. பவுல் என்று பின்னால் அறியப்பட்ட இந்தச் சவுலின் மிஷனரிப் பயணங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. சபையின் நல்ல ஆட்களை வெளியே கொடுக்கிற தைரியம் ஆலோசனைக் கூட்டத்தில் வருவதில்லை, அங்கே எப்போதும் "இவர் போனால் இங்கே யார் பார்ப்பது?" என்ற கேள்விதான் ஜெயிக்கும். 14-ஆம் அதிகாரக் கடைசியையும் பாருங்கள், போனவர்கள் அதே சபைக்குத் திரும்பி வந்து, எல்லாரையும் கூட்டி, தேவன் செய்ததையெல்லாம் சொல்கிறார்கள். ஜெபிப்பது, அனுப்புவது, திரும்பி வந்து சொல்வது, மறுபடி ஜெபிப்பது. இந்தச் சுற்று உங்கள் சபையில் எங்கே அறுந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், பிற்பாடு அதற்கு வருகிறேன்.

"அவரவர் வீட்டில் ஜெபித்தால் போதாதா" என்பதற்கு வருவோம். தனி ஜெபம் கட்டாயம் வேண்டும், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவரே இயேசுதான். ஆனால் அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் "என்" என்ற சொல்லே கிடையாது, பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கி எல்லாம் "எங்கள்" தான். அதிலும் அப்பத்தைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம் என்று மூன்று விண்ணப்பங்கள் வந்துவிடுகின்றன. நம் ஜெபக்குறிப்புப் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு ஏறக்குறைய 120 பேர் ஒருமனப்பட்டு ஜெபத்தில் தரித்திருந்தார்கள் என்று வாசிக்கிறோம். அந்த "ஒருமனப்பட்டு" என்பது தனித்தனி வீடுகளில் நடக்காது. இரண்டு வருடமாகப் பேசாத சகோதரனோடு ஒரே அறையில் முழங்காலில் நின்று ஒரே ஆத்துமாவுக்காக ஜெபிக்க முயற்சி செய்து பாருங்கள், ஒன்று பகை போகும் அல்லது ஜெபம் நின்றுபோகும்.

ஹெர்ன்ஹூட் என்ற இடத்தில் இது வரலாறாகவே நடந்தது. ஜெர்மனியின் சாக்சனி பகுதியில், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில், மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த மொராவியர்கள் (இன்றைய செக் நாட்டில் உள்ள மொராவியா பகுதிக் கிறிஸ்தவர்கள்) 1722 முதல் குடியேறினார்கள். விசுவாசத்துக்காக வீடு வாசலை விட்டு வந்தவர்கள்தான், ஆனால் ஐந்து வருடத்துக்குள் தங்களுக்குள் கடுமையாகச் சண்டை போட்டார்கள். 1727 ஆகஸ்ட் 13 அன்று ஒரு திருவிருந்து ஆராதனையில் ஒப்புரவானார்கள், அதே மாதத்தில் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு இரவும் பகலும் ஜெபிக்க உடன்படிக்கை செய்தார்கள். அந்தச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த ஐந்தாம் ஆண்டு. 1732-இல் டோபர், நிட்ச்மான் என்ற இரண்டு பேர் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளிடம் சுவிசேஷத்தோடு புறப்பட்டார்கள். அப்புறம் அந்தச் சிறிய குடியிருப்பில் இருந்து கிரீன்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த சில நூறு அகதிகள்!

இங்கிலாந்தில் 1784-இல் நார்தாம்ப்டன்ஷயர் பாப்டிஸ்ட் போதகர்கள் மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை ஒரு மணி நேரம் எழுப்புதலுக்காக ஜெபிக்கும்படி தங்கள் சபைகளைக் கேட்டுக்கொண்டார்கள். தங்கள் சபைகளுக்காக மட்டும் அல்ல, மற்றச் சபைப் பிரிவுகளுக்காகவும், பூமியின் கடைசிவரை சுவிசேஷம் போவதற்காகவும். எட்டு வருடம் மாதாமாதம் இது நடந்த பிறகு, 1792-இல் அதே வட்டத்தில் இருந்து பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் பிறந்தது, மறு வருடம் அதன் மிஷனரியாக வில்லியம் கேரி வங்காளம் வந்து சேர்ந்தார். அந்த ஊழியத்தின் முதல் வங்காள விசுவாசியான கிருஷ்ண பால் என்பவர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் கடைசியில். இடையில் ஏழு வருடம், கேரி ஒரு மகனைப் பறிகொடுத்திருந்தார், மனைவி மனநோயில் விழுந்திருந்தார். கேரியின் சகோதரி மேரி பல பத்தாண்டுகள் படுத்த படுக்கையாகவே இருந்தவர், அங்கிருந்தபடியே தமையனுக்காக ஜெபித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். உங்கள் ஜெபக்கூட்டத்தில் வயதானவர்கள்தான் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த "தான்" எனக்கு வலிக்கிறது. லூக்கா 2-இல் அன்னாள் என்ற 84 வயது விதவை தேவாலயத்தை விட்டு நீங்காமல் இரவும் பகலும் உபவாசித்து ஜெபித்தாள் என்று இருக்கிறது, அதே பத்தியில், குழந்தை இயேசுவைக் கண்டதும் மீட்புக்குக் காத்திருந்த எல்லாரிடமும் அவரைக் குறித்துப் பேசினாள் என்றும் இருக்கிறது. ஜெபித்தவளும் அவளே, சொன்னவளும் அவளே.

என் அனுபவம் ஒன்று. சில வருடங்கள் நான் ஒரு சபையின் சுவிசேஷக் குழுவை நடத்தினேன். ஒரு குறிப்பிட்ட பகுதியில் வாரா வாரம் கைப்பிரதி கொடுப்போம், எத்தனை கொடுத்தோம், எத்தனை வீடு போனோம் என்று நோட்டில் எழுதி மாதக் கடைசியில் சபையில் வாசிப்போம். ஒரு நாள் ஜெபக்குழுவில் இருந்த ஒரு மூத்த சகோதரி என்னிடம் வந்து, "நீங்கள் போகிற வீடுகளில் நாலைந்து பேருடைய பெயரைச் சொல்லுங்கள் தம்பி, நான் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன்" என்று கேட்டார். எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. குழுவில் இருந்த மற்றவர்களைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. ஒன்றரை வருடம் போயிருக்கிறோம், நூற்றுக்கணக்கான கதவுகள், ஒரு பெயர் இல்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் அழுதேன்.

அடுத்த வாரம் கைப்பிரதியைக் குறைத்துக்கொண்டு, நின்று பேசி, பெயர் கேட்டுக்கொண்டு வந்தோம். அந்தச் சகோதரி ஒரு வீட்டுக்காரருடைய பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டே இருந்தார், அடுத்த முறை நாங்கள் போகும்போது, "அவருக்கு முதுகு வலி என்றீர்களே, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார். கேட்டோம். அந்த மனிதர் ஆச்சரியப்பட்டார், முன்பு போன எத்தனையோ தடவை எங்களை அவர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அவர் சபைக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆனால் அவருடைய தாயார் இறந்தபோது எங்களைக் கூப்பிட்டார், போய் உடன் இருந்தோம். ஜெபம் இல்லாத ஊழியத்தில் மனிதர்கள் எண்ணிக்கையாகிவிடுகிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒருவர் பெயரைச் சொல்லி ஆறு மாதம் தேவனிடம் பேசிவிட்டு, பிறகு அவரிடம் போய் மனப்பாடமாக ஒரு பிரசங்கத்தை ஒப்பித்துவிட்டு வர முடியாது.

அப்படியானால் ஊழியத்துக்காக எதைக் கேட்டு ஜெபிப்பது? பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது சிறையில் இருக்கிறார், கதவு திறக்கப்படும்படி ஜெபியுங்கள் என்கிறார், ஆனால் சிறைக்கதவு அல்ல, வசனத்துக்கான வாசல். கூடவே, பேச வேண்டிய பிரகாரமாகத் தெளிவாகப் பேசும்படி என்கிறார். அவ்வளவு பெரிய அப்போஸ்தலன் தெளிவாகப் பேச மற்றவர்கள் தனக்காக ஜெபிக்க வேண்டும் என்று நினைத்தார்! அப்போஸ்தலர் 4-இலும் அப்படித்தான், பேதுருவையும் யோவானையும் மிரட்டி அனுப்பிய பிறகு சபை கூடி, மிரட்டலை நீக்கும் என்று கேட்கவில்லை, தைரியமாகப் பேச அருள் தாரும் என்று கேட்டது. நாம் பெரும்பாலும் தடைகள் நீங்க ஜெபிக்கிறோம், தடைகளுக்குள் நிற்கும் ஆட்களுக்காக ஜெபிப்பது குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜெபித்தால் கூட்டம் பெருகும் என்று யாராவது சூத்திரம் சொன்னால் நம்பாதீர்கள். அப்போஸ்தலர் 12-ஐ நாம் பேதுரு சிறையில் இருந்து விடுதலையான அதிகாரம் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறோம், அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான். யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்கவில்லையா? ஏன் ஒருவன் வெளியே வந்தான், ஒருவன் வரவில்லை என்பதற்கு வேதம் காரணம் சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டாம். பேதுரு வந்து கதவைத் தட்டியபோது உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்பவில்லை, செய்தி சொன்ன ரோதை என்ற பெண்ணைப் பிதற்றுகிறாய் என்றார்கள். அவ்வளவு குறைவான எதிர்பார்ப்போடு இருந்தவர்களின் ஜெபத்தையும் தேவன் கேட்டார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அதே போல, ஜெபத்தைத் தூண்டில் ஆக்காதீர்கள். ஒருவர் வீட்டில் அவருக்காக ஜெபிக்கும் முன் அனுமதி கேளுங்கள், வேண்டாம் என்றால் புன்னகையோடு விட்டுவிட்டு வாருங்கள், உங்கள் அறையில் ஜெபிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஜெபித்தால் சுகமாகிவிடும், மருந்தை நிறுத்துங்கள் என்று எவரிடமும் சொல்லவே கூடாது. அவர்கள் நம்பிச் சொன்ன குடும்ப விஷயத்தை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் சபை முழுக்கப் பரப்புவதும் பாவம்தான், அதைப் புறங்கூறுதல் என்றே சொல்ல வேண்டும். பெயரும் பொதுவான தேவையும் போதும், விவரம் தேவனுக்குத் தெரியும்.

இனி உங்கள் புதன்கிழமைக்கு வருகிறேன். இளையவர்கள் வராததற்கு ஆவிக்குரிய சோம்பல் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பல ஜெபக்கூட்டங்களில் ஜெபமே குறைவு: இருபது நிமிடம் பாட்டு, அரை மணி நேரம் செய்தி, கால் மணி நேரம் அறிவிப்பு, மீதி நேரத்தில் ஒரே ஒருவர் நீண்ட ஜெபம் செய்ய மற்றவர்கள் ஆமென் சொல்கிறார்கள்.

ஜெரமையா லான்ஃபியரின் கதை உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். நியூயார்க்கில் வியாபாரியாக இருந்த இவரை 1857-இல் ஃபுல்டன் தெருவில் இருந்த ஒரு சபை வீடு சந்திப்பு ஊழியத்துக்கு வைத்தது. நீங்கள் செய்ய விரும்புகிற அதே வேலை, வீடு வீடாகப் போனார், பலன் சோர்வூட்டுவதாகத்தான் இருந்தது. சோர்ந்துபோகும்போதெல்லாம் ஜெபத்தில் பெலன் கிடைத்ததால், மற்றவர்களுக்கும் இது தேவைப்படுமே என்று மதிய இடைவேளையில் ஒரு ஜெபக்கூட்டம் அறிவித்தார். செப்டம்பர் 23, பகல் 12 மணி. அரை மணி நேரம் தனியாக இருந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து மொத்தம் ஆறு பேர் ஆனார்கள், உங்களுடையதைவிடக் குறைவு! அடுத்த வாரம் 20, அதற்கடுத்து 40 போல, அக்டோபரில் தினமும் கூடத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் பெரிய நிதி நெருக்கடி வந்து மக்கள் கலங்கிப்போயிருந்தார்கள், அதுவும் ஒரு காரணம்தான், மறைக்க வேண்டியதில்லை. 1858-க்குள் பல நகரங்களில் இப்படி மதிய ஜெபங்கள் நடந்தன. அங்கே ஒரு விதி இருந்தது, ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஜெபிக்கவோ பேசவோ கூடாது, சர்ச்சைக்குரிய விஷயங்களைப் பேசக் கூடாது. வேலை செய்கிறவர் பத்து நிமிடம் வந்துவிட்டும் போகலாம்.

அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. குறுகிய ஜெபங்கள், பலர், நடுவில் அமைதி. புதிதாக வந்தவர் இரண்டு வரி ஜெபித்தாலும் போதும் என்று அவருக்குத் தெரிய வேண்டும், ஜெபிக்கக் கற்றுக்கொள்வதே மற்றவர்கள் ஜெபிப்பதைக் கேட்டுத்தான். நேரம் சரிப்படாதவர்களுக்கு இன்னொரு நாளில், ஒரு வீட்டில் அல்லது தொலைபேசியில் இன்னொரு சிறிய கூட்டம் வைக்கலாம், ஆனால் இருக்கிற ஏழு பேரின் கூட்டத்தைக் கலைத்துவிட்டு அல்ல.

முதலில் நீங்களும் உங்கள் ஊழியக் குழுவும் வரும் புதன்கிழமை அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். சந்தித்த வீடுகளில் இருந்து ஐந்து பெயரைக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் இல்லை என்று அவர்களிடம் நேராகச் சொல்லிவிட்டு, பெயர் கேட்டு வரும்படி உங்களை அனுப்பச் சொல்லுங்கள், அந்த மூத்தவர்கள் கை வைத்து ஜெபித்து அனுப்பட்டும். சனிக்கிழமை போய்விட்டு வாருங்கள். மறு புதன் திரும்பிப் போய் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், யாரும் கதவைத் திறக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் பெயரும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் இப்படிச் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் நிறுத்தலாம் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள், அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசுவோம்.